சைலன்சர் குழாய்க்குள் திரும்பி வரும் அலை

“எம்ஜிபி காரின் இரண்டு எஸ்யூ கார்பரேட்டர்களையும் கழற்றிவிட்டு ஒரு வெபர் போட்டால் பவர் எவ்வளவு கூடும்? கூடவே ஏர் ஃபில்டரையும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் மாற்றலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கார்பரேட்டர் என்பது காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் கருவி; எஸ்யூ, வெபர் இரண்டும் அதில் இரண்டு வகை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்பது சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்த்து வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி. கேள்விக்குள் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் ஒன்று இருக்கிறது. அதனால் கொஞ்சம் சுற்றி வந்துதான் பதில் சொல்லப் போகிறேன்.

எம்ஜிபி ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரானது. நான்கு சிலிண்டர், 1798 சிசி. ஆரம்ப கால வண்டிகளுக்கு 95 குதிரைத்திறன். இந்த எஞ்சின் நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. நம் அம்பாசிடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் பி-சீரீஸ் என்ற இதே எஞ்சின் குடும்பம்தான். 1955இல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே 1489 சிசிதான் இருந்தது. ஊரெல்லாம் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப்போன எஞ்சினுக்கு பந்தயத்தில் ஓடிய உறவுக்கார எஞ்சின்கள் உண்டு.

எஞ்சின் காற்றை இழுத்துத் தள்ளும் பம்ப்தான். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், அதை எரிக்கக் காற்று வேண்டும். ஆகவே பவர் கூட்டுவது என்றால் ஒவ்வொரு சுற்றிலும் அதிகக் காற்றை உள்ளே கொண்டுவருவது. இதில் பி-சீரீஸுக்கு ஒரு பிறவிக்குறை: நான்கு சிலிண்டருக்கும் உள்ளே போக இரண்டே வழிகள். ஒன்றும் இரண்டும் ஒரே வாசலைப் பங்கிட்டுக்கொள்கின்றன, மூன்றும் நான்கும் இன்னொன்றை. தீப்பொறி வரிசை 1-3-4-2 என்பதால், ஒரு வாசலில் இரண்டு சிலிண்டர்கள் அடுத்தடுத்து இழுக்கும். அப்புறம் நெடுநேரம் யாரும் இழுக்கமாட்டார்கள். கார்பரேட்டரை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த வாசல் அப்படியேதான் இருக்கும். வெபர் மட்டும் போட்டால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பதற்குக் காரணம் இதுதான்.

எஸ்யூவும் லேசுப்பட்டதல்ல. எஞ்சின் எவ்வளவு இழுக்கிறதோ அதற்கேற்ப உள்ளே ஒரு பிஸ்டன் தானாக மேலேறி வழியை அகலமாக்கும். அதன் அடியில் ஊசி போன்ற நீடில், பெட்ரோல் வரும் துளையான ஜெட்டுக்குள் இறங்கி நிற்கும். நுனி மெலிந்த நீடில் என்பதால், மேலே போகப் போக ஜெட்டின் ஓட்டை திறந்து பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு விரலால் அந்தப் பிஸ்டனைத் தூக்கிப் பாருங்கள். மேலே உள்ள எண்ணெயின் பிடிமானத்தால் தேனில் கரண்டி போவது போல மெதுவாக ஏறும், விட்டால் ‘டக்’ என்று விழும். திடீரென ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அந்த எண்ணெய்தான் பிஸ்டனை ஒரு கணம் தாமதிக்க வைத்து, உறிஞ்சலைக் கூட்டி, பெட்ரோலை அதிகமாக இழுத்துக் கொடுக்கிறது. தனியாக ஒரு பம்ப் தேவையே இல்லை.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் இரண்டு சொன்னால் போதும். கார்பரேட்டர் வாய்க்கு மிக அருகில் தட்டையான ஃபில்டரை ஒட்டவைத்தால் காற்றுக்கு வளைந்து நுழைய இடமில்லை. விளிம்பு வளைந்த குட்டிப் புனல் ஒன்றை வாயில் வைத்தால் காற்று வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் சூடு: பானெட்டுக்குள் 60 டிகிரிக் காற்றை இழுப்பதற்கும் வெளியே இருக்கும் 30 டிகிரிக் காற்றை இழுப்பதற்கும் அடர்த்தியில் ஏறக்குறைய 9 சதவீத வித்தியாசம்.

சரி, எக்ஸாஸ்டுக்கு வருவோம்.

பலர் இதைச் சாக்கடைக் குழாய் போல நினைக்கிறார்கள்: அகலமாக இருந்தால் சீக்கிரம் வடியும் என்று. ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நொடியில் சிலிண்டருக்குள் இன்னும் பல மடங்கு வளிமண்டல அழுத்தம் மிச்சமிருக்கிறது. அது படாரென்று குழாய்க்குள் பாய்கிறது. வாயு பின்னால் நகர்ந்து போவது ஒரு வேகம். அதைவிட வேகமாக ஓர் அழுத்த அலை முன்னே ஓடுவது வேறு வேகம். 500, 600 டிகிரி சூட்டில் அந்த அலை விநாடிக்கு ஏறக்குறைய 550 மீட்டர் ஓடும்.

குழாய் சட்டென்று அகலமாகும் இடத்தை அடைந்ததும் ஓர் அழகான காரியம் நடக்கிறது. சிக்னலில் பச்சை விழும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்கும் வண்டி திறந்த சாலைக்குள் பாய்கிறது, பின்னால் ஓர் இடைவெளி விழுகிறது, அடுத்த வண்டி நகர்கிறது, இடைவெளி இன்னும் பின்னுக்குப் போகிறது. வண்டிகள் முன்னே போக, இடைவெளி பின்னே வருகிறது. குழாயிலும் அப்படித்தான். நெருக்கமாக வந்த வாயு வாய்க்கு வெளியே விரியும்போது பின்னால் ஒரு வெறுமை விழுகிறது, அது ஒலியின் வேகத்தில் எஞ்சினை நோக்கித் திரும்புகிறது. தள்ளும் அலையாகப் போனது இழுக்கும் அலையாக வீடு திரும்புகிறது.

எப்போது திரும்புகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எம்ஜிபியில் இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம், பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்கின் சுழற்சியில் 37 பாகை. 5000 ஆர்பிஎம்மில் அது ஒரு மில்லி விநாடிக்குச் சற்றே அதிகம். இழுக்கும் அலை அந்தச் சன்னலில் வந்து சேர்ந்தால், மூலையில் தேங்கிய எரிந்த வாயுவை உறிஞ்சி எடுத்து, பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கும் முன்பே கார்பரேட்டரிலிருந்து புதுக் கலவையை இழுக்க ஆரம்பித்துவிடும். எக்ஸாஸ்ட் அழுத்தம் உச்சத்தைத் தொட்டதிலிருந்து இந்தச் சன்னல் திறக்கும்வரை கிராங்க் சுமார் அரைச் சுற்று சுற்றும். 5000 ஆர்பிஎம்மில் 6 மில்லி விநாடி. அதற்குள் அலை 3.3 மீட்டர் ஓடும்; போக வர என்பதால், அகலமாகும் இடம் ஒன்றரை மீட்டரைவிடச் சற்று அதிகத் தொலைவில் இருக்க வேண்டும். அசல் குழாயில் ஒவ்வொரு இணைப்பிலும் அலையில் ஒரு பங்கு திரும்புவதால் கணக்கு இவ்வளவு எளிதாக முடியாது. ஆனால் குழாயின் நீளமே ஒரு கடிகாரம் என்பது புரிந்துவிடும். 2500 ஆர்பிஎம்மில் அதே அலை மிக முன்னதாக வந்து வீணாகும். ஒரு வேகத்தில் பிக்கப் கூட்டிய மேனிஃபோல்டு இன்னொரு வேகத்தில் இழுவையைக் குறைப்பது இதனால்தான்.

“பேக் பிரஷர் இருந்தால்தான் வண்டி இழுக்கும்” என்று பட்டறைகளில் சொல்வார்கள். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். பின்னழுத்தம் எந்த எஞ்சினுக்கும் நல்லதல்ல. குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கியபோது இழந்தது வாயுவின் வேகமும் அலையின் நேரமும்தான். குறை சரியாகத்தான் தெரிந்தது, காரணம்தான் தவறிப்போனது.

இந்த அலையை வசப்படுத்தியவர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர் கிழக்கு ஜெர்மனியின் வால்டர் காடன். எம்இசட் என்ற மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் மிகக் குறைந்த வசதியோடு, அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் கருவியை வைத்து டூ ஸ்ட்ரோக் சைலன்சரின் அலைகளைப் பார்த்துப் பார்த்து வடிவமைத்தார். 1961இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. அந்த ஆண்டே அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குப் பக்கம் தப்பி, அந்த அறிவோடு சுசுகியில் சேர்ந்தார். 1962இல் 50 சிசி உலகப் பட்டம் வென்றார். நம் ஊர் ஆர்எக்ஸ் 100இன் வயிறு பெருத்த சைலன்சர் அந்தப் பரம்பரைதான். நம் பொறியியல் கல்லூரிகளில் ஒரு பழைய எஞ்சினும் வேகமான அழுத்த சென்சாரும் வாங்கித் தந்தால் மாணவர்கள் இந்த அலையைத் திரையில் கண்ணால் பார்ப்பார்கள். கட்டடத்துக்கும் விழா மேடைக்கும் போகும் பணத்தில் ஒரு துளி போதும்.

இப்போது வாசகருக்கு. வெபரை ஒத்திப் போடுங்கள். எம்ஜிபியின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே நல்லதுதான். அது விரிசல் விட்டிருந்தால் மட்டும் குழாய் மேனிஃபோல்டுக்குப் போங்கள். வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங் சரிபார்த்து, புனலோடு நல்ல ஃபில்டர் போடுங்கள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு எஸ்யூவின் வாயிலும் வைத்துக் கேளுங்கள். இரண்டிலும் ‘ஸ்ஸ்’ ஒரே அளவில் வரும்வரை திருகைச் சரிசெய்யுங்கள். காற்று கூடியிருப்பதால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்திருக்கும். நாற்பது கிலோமீட்டர் நன்றாக ஓட்டி, அப்படியே எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை; இன்னும் கொஞ்சம் மெலிந்த நீடிலைப் போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.