சில்லுக்கும் சில்லுக்கும் நடுவே ஒரு சந்து

தோ பாயோ லோரோங் 6இல் இருக்கும் டிராகன் விளையாட்டுத்திடலைத் தெரியாதவர்கள் சிங்கப்பூரில் குறைவு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வடிவமைப்பாளர் கோர் இயன் கீ வடிவமைத்தது, 1979இல் வந்தது. சிறு சில்லுகளைப் பதித்துச் செய்த அதன் தலையைப் படம் எடுப்பவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், உருவத்தைப் பார்ப்பார்கள். சில்லுகளுக்கு நடுவே ஓடும் மெல்லிய சிமெண்டுக் கோட்டினை யாரும் பார்ப்பதில்லை. இப்படிச் சில்லு பதித்துப் படம் செய்யும் மொசைக் கலையில் பாதி வேலையைச் செய்வது அந்தச் சந்துதான் என்பது என் கட்சி.

முதலில் கண்ணின் கணக்கைப் பார்ப்போம். நல்ல பார்வை உள்ளவரால் ஒரு பாகையை 60ஆகப் பிரித்தால் வரும் கோணம் வரை பிரித்தறிய முடியும். அதைவிடச் சிறியது பக்கத்தில் இருப்பதோடு கலந்துவிடும். 1 செ.மீ. சில்லு அப்படிக் கலக்க ஏறத்தாழ 34 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். 2 மி.மீ. சந்துக்கு 7 மீட்டரே போதும். இத்தனைக்கும் அந்தச் சந்து அற்பமானதல்ல. 1 செ.மீ. சில்லுகளை 2 மி.மீ. இடைவெளியில் பதித்தால் மொத்தப் பரப்பில் சுமார் 30 சதவீதம் சந்துதான்! அதனால்தான் சந்துகளை நிரப்பும் கலவையான கிரௌட்டை வெள்ளையாகப் போட்டால் படமே வெளுத்துப்போகிறது, கறுப்புப் போட்டால் நிறங்கள் அழுத்தமாகின்றன. சில்லு வாங்க மணிக்கணக்கில் அலைந்துவிட்டு, கிரௌட்டை மட்டும் கடையில் கையில் கிடைத்த நிறத்தில் எடுத்து வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இந்தக் கணக்கு ரோமானியக் கைவினைஞர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. பொம்பெய் நகரத்து வீடொன்றின் தரையில், கி.மு. 100 வாக்கில், அலெக்சாண்டரின் போர்க்காட்சியைப் பதித்தார்கள். 5.82 மீட்டர் நீளம், 3.13 மீட்டர் உயரம், சுமார் 1.5 மில்லியன் சில்லுகள். ஒவ்வொன்றும் நான்கு மில்லிமீட்டர்கூட இருக்காது, சந்தும் மயிரிழைதான். கிட்டே போய்ப் பார்த்தாலும் ஓவியம் போலவே தெரிவதற்கு அதுதான் காரணம்.

அவர்களுக்கு வெகுகாலம் முன்பே, கி.மு. நான்காம் ஆயிரமாண்டில், மெசொப்பொத்தேமியாவின் ஊருக் நகரத்தில் சுட்ட களிமண் கூம்புகளை ஈரச் சுவரில் குத்தி, சிவப்பு, கறுப்பு, வெள்ளை முனைகளால் கோலம் போட்டிருக்கிறார்கள். அப்புறம் கிரேக்கர்கள் கூழாங்கற்களைப் பதித்தார்கள். கல்லை வெட்டிச் சதுரமாக்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

தரையிலிருந்து சுவருக்கும் கூரைக்கும் ஏறியபோது புதுச் சிக்கல் வந்தது. இத்தாலியின் ரவென்னாவில் 547இல் திறக்கப்பட்ட சான் விட்டாலே தேவாலயத்தில் அரைக்குவிமாடக் கூரை ஒன்று உண்டு. சப்பாத்தியைத் தேங்காய் மேல் போர்த்தினால் மடிப்பு விழுமே, அதே சிக்கல்தான்: இரு திசையிலும் வளையும் பரப்பில் தட்டையான எதுவும் ஒழுங்காக உட்காராது. சில்லைச் சிறிதாக்கினால் ஒவ்வொன்றும் தட்டையாகவே உட்காரும், வளைவைச் சந்துகள் பங்குபோட்டுக்கொள்ளும். பைசாந்திய (கிழக்கு ரோமானிய) கைவினைஞர்கள் இன்னொரு வித்தையும் செய்தார்கள். இரண்டு கண்ணாடிப் படலங்களுக்கு நடுவே தங்க இலையை வைத்த சில்லுகளை வேண்டுமென்றே ஆளுக்கொரு பக்கம் சாய்த்துப் பதித்தார்கள். நாம் நடக்க நடக்க வேறு வேறு சில்லு ஒளியைத் திருப்பி அனுப்பும், சுவர் மின்னும். வழவழவென்று சமமாக ஒட்டியிருந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் பளிச்சிட்டு அணைந்துபோயிருக்கும்.

சந்தே இல்லாத உறவுக்காரக் கலையைப் பார்க்க வேண்டுமானால் தெலுக் ஆயர் ஸ்திரீட் போங்கள். நாகூர் தர்காவுக்கு அருகே தியான் ஹோக் கெங் ஆலயக் கூரையில், பீங்கான் துண்டுகளால் ஆன டிராகன்கள் இருக்கின்றன. இந்த முறையில் கிண்ணங்களை வெட்டுவார்கள். கிண்ணத்தின் வளைவு அப்படியே செதிலாகவும் இதழாகவும் ஆகிவிடும். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதால் இடையை நிரப்பும் வேலையே இல்லை.

சரி, செய்வது எப்படி? நேரடி முறையில் பசை பூசி, சில்லை முகம் மேலாகப் பதித்துக்கொண்டே போகலாம். பெரிய சுவராக இருந்தால், தாளில் படத்தை இடம் வலம் மாற்றி வரைந்து, நீரில் கரையும் பசையால் சில்லுகளின் முகத்தைத் தாளில் ஒட்டி, மொத்தமாகச் சுவரில் அழுத்திவிட்டுத் தாளை நனைத்து உரிப்பார்கள். நம் ஊரில் திறந்தவெளியில் வைப்பதென்றால் வெள்ளைப் பசை வேண்டாம், ஈரத்தில் இளகிவிடும். சிமெண்டுப் பசைதான் சரி. வெயிலில் கொதித்த சுவர் திடீர் மழையில் குளிரும்போது, சில்லும் சுவரும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும். அந்த இழுபறி சந்துகளில் சிறிது சிறிதாகக் கரைந்துபோகும். விரிசல் விழுந்தாலும் பெரும்பாலும் கிரௌட்டில் விழும், அதைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசலாம்.

ஒட்டியது பிடிக்க ஒரு நாளாவது விட்டு, அப்புறம் கிரௌட் பூசுங்கள். சிமெண்டுக் கிரௌட் காய்ந்து கெட்டியாவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. ஆகவே மின்விசிறியை வைத்து அவசரப்படுத்தினால் பொடிந்துபோகும். ஈரத்துணியால் மூடிவைப்பது நல்லது. சில்லின் மேல் படியும் வெண்படலத்தை அன்றைக்கே துடைத்துவிடுங்கள். இறுகிவிட்டால் அமிலம் தேவைப்படும், பளிங்குச் சில்லாக இருந்தால் அமிலம் கல்லையும் சேர்த்து அரித்துவிடும்.