பழைய டயல் போனில் சிம் போடும் முன்

பரணில் கிடந்த கறுப்பு டெலிபோனைத் துடைத்து எடுத்துக்கொண்டு, "இதுல சிம் போட்டுத் தர முடியுமாண்ணே?" என்று கடைக்கு வருகிறார்கள். தாராளமாக முடியும். 2020இல் அமெரிக்கப் பொறியாளர் ஜஸ்டின் ஹாப்ட் பழைய போனின் டயலை வைத்துக் கையடக்க செல்போனே செய்து காட்டினார். எனக்கு மனம் பொறுக்காதது வேறொன்று. ஐடிஐ (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) காலத்து நல்ல போனின் உள்ளுறுப்புகளை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, வெறும் கூட்டுக்குள் மலிவு போர்டைத் திணித்து விற்கிறார்கள்.

டயலை மாற்றவே தேவையில்லை. விரலை எடுத்ததும் அது திரும்பி வரும்போதுதான் எண் பதிவாகிறது. 5 சுற்றினால் உள்ளே ஒரு காண்டாக்ட் ஐந்து முறை விலகிச் சேரும், 0 சுற்றினால் பத்து முறை. விநாடிக்குச் சுமார் 10 துடிப்பு என்ற அந்த வேகத்தைச் சீராக வைப்பது பின்னால் சுழலும் குட்டி கவர்னர். புது போர்டிலுள்ள மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சில்லு அந்தத் துடிப்புகளை எண்ணிக்கொண்டால் போதும். எண் தப்பாக விழுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கெட்டித் தாளில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, காண்டாக்ட்டுகளுக்கு நடுவே மெல்ல இழுத்தாலே அழுக்கு வந்துவிடும்.

மணிதான் ஆபத்தான இடம். எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 75 வோல்ட் ஏசி வந்து அடித்த மணி அது. 3.7 வோல்ட் பேட்டரியில் அதை அடிக்க வைக்க மின்னழுத்தத்தை ஏற்றும் சர்க்யூட் வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் அதன் கெபாசிட்டரில் சார்ஜ் தங்கும், தொட்டால் ஷாக் அடிக்கும்.

அதைவிட எனக்குப் பயம் பேட்டரிதான். பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய லித்தியம் செல்லைப் பாதுகாப்பு சர்க்யூட் இல்லாமல், மணிச் சுத்தியலுக்குப் பக்கத்தில் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். மேஜை போன் என்பதால் இரவு பகலாகச் சார்ஜிலேயே கிடக்கும். கூடு சூடாக இருந்தாலோ செல் உப்பியிருந்தாலோ உடனே சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

போர்டு வாங்கும்போதும் கவனம். பரவலாகக் கிடைக்கும் சிம்800 2ஜி மட்டும்தான், ஜியோ சிம் அதில் எடுக்காது. 4ஜி போர்டுகளிலும் பல டேட்டாவுக்கு மட்டுமே, வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசும் வசதி) அழைப்பு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு இதை மட்டுமே ஒரே போனாகக் கொடுக்காதீர்கள். ஓடிபி பார்க்கத் திரை கிடையாது. "ஒன்றை அழுத்தவும்" என்று வங்கியில் சொன்னால், டயல் துடிப்பை டோனாக மாற்றும் நிரல் இல்லாவிட்டால் விழித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் எக்ஸ்சேஞ்சே 48 வோல்ட் கொடுத்ததால் கரண்ட் போனாலும் போன் பேசியது. இதில் பேட்டரி தீர்ந்தால் அவ்வளவுதான்.

உள்ளே எல்லாம் அசலாக இருக்கும் போன் என்றால், அதைத் திறக்கவே வேண்டாம் என்பேன். போனின் லைன் வயரைச் செருகி, உங்கள் செல்போனோடு ப்ளூடூத்தில் இணைக்கும் பெட்டிகள் கிடைக்கின்றன. டயல் துடிப்பைப் புரிந்துகொள்ளுமா, பழைய மணியை அடிக்கும் அளவுக்கு வோல்டேஜ் தருமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.