சிவப்பு விளக்குக்கும் கேமராவுக்கும் நடுவே விடுபட்ட சொல்

கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூருக்கு முதன்முறையாக வந்திருந்த என் பெரியப்பா, சாலைப் பாதுகாப்பு பற்றிய தமிழ்த் துண்டறிக்கை ஒன்றை, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுவதுமாக வாசித்தார். மறுநாள் காலை சாலைச் சந்திப்பில் நின்றபோது கம்பத்தின் மேலிருந்த பெட்டியை அண்ணாந்து பார்த்து, “கேமரா இருக்கு, சரி. அதுல சிவப்பு விளக்கு எங்கேடா?” என்று கேட்டார். சிவப்பு விளக்கு எரியும்போது சந்திப்பைக் கடக்கும் வண்டிகளைப் படமெடுக்கும் கருவிக்கு அந்தத் துண்டறிக்கை தந்திருந்த பெயர் ‘சிவப்பு விளக்கு கேமரா’. அந்தத் தொடரைப் பல ஆண்டுகளாகப் படித்துச் சலித்திருந்த எனக்கு, அதன் பிழை எங்கே இருக்கிறது என்பது அந்தக் கேள்வியில்தான் பிடிபட்டது.

பெரியப்பா தமிழைத் தமிழாகவே படித்தார். தண்ணீர்க்குடம் என்றால் தண்ணீரை உடைய குடம். அந்த வழக்குப்படி சிவப்பு விளக்குக் கேமரா என்றால் சிவப்பு விளக்கை உடைய கேமரா. நடுவில் வரவேண்டிய ‘க்’ பெரும்பாலும் விடுபட்டே அச்சாகிறது என்பது தனிக் குறை. ஆனால் ஒற்றைச் சேர்த்தாலும் தவறான பொருள் இன்னும் இறுக்கமாகத்தான் ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு, ‘சிவப்பு விளக்குப் பகுதி’ என்று செய்தித்தாள்கள் நெடுங்காலமாக எழுதிவருவது எந்த இடத்தை என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தத் தொடரின் நிழல் விழும் இடத்தில் கேமராவையும் கொண்டுபோய் வைப்பது கண்ணியமான மொழிபெயர்ப்பாகாது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேமரா என்பது அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல்; சிறு துளை வழியே வெளிக்காட்சி உள்ளே விழும் இருட்டறையின் பெயராக இருந்து, பிறகு கருவியின் பெயரானது. நெதர்லாந்தின் கார்ப் பந்தய வீரர் மௌரிஸ் கட்சோனிடஸ், வளைவுகளில் தம் காரின் வேகத்தை அளக்கக் கருவி செய்யத் தொடங்கியவர். அவர் நிறுவனம் 1965இல் சிவப்பில் கடக்கும் வண்டியைப் படமெடுக்கும் கருவியைக் கொண்டுவந்தது. சிங்கப்பூருக்கு அது 1986இல் வந்தது. ‘ரெட் லைட் கேமரா’ என்ற ஆங்கிலப் பெயரில் ‘சிவப்பு விளக்கு’ என்பது ‘சிவப்பு விளக்கை மீறிச் செல்லுதல்’ என்பதன் சுருக்கம். மீறுதல் என்பது ஆங்கிலம் பேசுவோர் பேச்சில் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்தது எது என்று பாராமல், எஞ்சியதை மட்டும் நாம் மொழிபெயர்த்துக்கொண்டோம்.

கருவி செய்யும் வேலையைப் பார்த்தாலே இது விளங்கும். நிறுத்தக்கோட்டை ஒட்டிச் சாலைக்கடியில் கம்பிச்சுருள் புதைக்கப்பட்டிருக்கும். அது விளக்கோடு இணைக்கப்பட்டிருக்கும். பச்சையிலும் மஞ்சளிலும் கருவி சும்மா இருக்கும். சிவப்பு விழுந்த பின் ஒரு வண்டி கம்பிச்சுருளின்மீது ஏறிக் கடந்தால், கோட்டருகே ஒரு படமும் சந்திப்புக்குள் புகுந்த பின் மற்றொரு படமும் பதிவாகும். மஞ்சளிலேயே உள்ளே நுழைந்து, சிவப்பு வரும்போது நடுவில் இருக்கும் வண்டி இதில் சிக்காது. ஆகவே கருவி தேடுவது விளக்கை அன்று, மீறலை.

இதற்குத் தனித்தமிழ் அன்பர்கள் முன்வைக்கும் மாற்று ‘செவ்வொளிப் படக்கருவி’. தனித்தமிழின்மீது எனக்கு மதிப்பு உண்டு. இந்தச் சொல்லின்மீது இல்லை. வடமொழியோ ஆங்கிலமோ இல்லாததால் மட்டும் ஒரு சொல் தெளிவாகிவிடாது. செவ்வொளிப் படக்கருவி என்றதும் செந்நிற ஒளியில் இயங்கும் கருவி என்றுதான் மனம் போகிறது. படச்சுருள் காலத்தில் ஸ்டூடியோ இருட்டறைக்குள் சிவப்பு பல்பின் மங்கல் வெளிச்சத்தில், தட்டு நீரில் முகங்கள் மெல்ல எழுந்துவந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த அறைதான் நினைவுக்கு வரும். அறிவியல் படித்தவரோ அகச்சிவப்புக் கேமராவோடு இதைக் குழப்பிக்கொள்வார். மீறலைத் தொலைத்த பிழையை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் பட்டாடை உடுத்தியதுதான் நடந்திருக்கிறது. நானூறு சிங்கப்பூர் வெள்ளி அபராதமும் 12 குற்றப்புள்ளிகளும் வாங்கிய டாக்சி ஓட்டுநர் எவரும் “செவ்வொளிப் படக்கருவியில் அகப்பட்டேன்” என்று வீட்டில் சொல்லப்போவதில்லை. “சிவப்பில் போய்விட்டேன், கேமராவில் மாட்டிக்கொண்டேன்” என்றே சொல்வார். அவர் வாக்கியத்தில் குற்றமும் கருவியும் தனித்தனியே தெளிவாக இருப்பதை மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்கலாம்.

‘கண்காணிப்புக் கேமரா’ என்று எழுதித் தப்பிப்பவர்களும் உண்டு. இது வேறு வகைக் கெடுதல். அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலைத் துறை 2005இல் வெளியிட்ட ஆய்வு, இக்கருவி பொருத்திய 132 சந்திப்புகளை எடுத்துக்கொண்டது. பக்கவாட்டில் மோதும் விபத்துகள் 24.6 விழுக்காடு குறைந்ததாகவும், பின்னால் வந்து மோதுபவை 14.9 விழுக்காடு கூடியதாகவும் அது கண்டது. பக்கவாட்டு மோதல்களே கொடியவை என்பதால் மொத்தத்தில் ஓரளவு நன்மையே என்று கணக்கிட்டது. இதைத் தமிழில் எழுதும்போது ‘கண்காணிப்புக் கேமரா’ என்று போட்டால், கடைவாசலில் தொங்கும் கேமராவைப்போல ஒன்று எப்படிப் பின்மோதலைக் கூட்டும் என்று வாசகர் விழிப்பார். மீறல் என்ற சொல் பெயரிலேயே இருந்தால் காரணம் விளங்கிவிடும்: அபராதத்துக்கு அஞ்சி, மஞ்சளைக் கண்டதும் சட்டென்று பிரேக் போடுகிறார்கள், பின்னால் வருபவருக்கு அந்த அச்சம் இல்லை.

ஆகவே நான் எழுதுவது ‘சிவப்பு மீறல் கேமரா’. விதிமீறல், வரம்புமீறல் என்று நாம் அன்றாடம் புழங்கும் சொற்களின் வார்ப்பிலேயே இதுவும் அமைகிறது. கேமராவைப் படக்கருவி என்று எழுத விரும்புவோர் எழுதட்டும். இலங்கைத் தமிழர் கமரா என்கிறார்கள், அதுவும் நல்லதே. கேமரா என்ற பகுதியை எப்படி எழுதுவது என்பதில் எனக்குச் சண்டை இல்லை.

உடன்பிறப்பான ‘வேகக் கேமரா’வுக்கும் இதே நோய்தான்; அங்கும் மீறல் என்ற சொல் விடுபட்டிருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் சிங்கப்பூரில் குறிப்பிட்ட சில இடங்களிலுள்ள சிவப்பு மீறல் கேமராக்கள் வேக மீறலையும் பதிவு செய்கின்றன. இப்படி ஒரே வரியில் முடிந்திருக்க வேண்டிய செய்தி, என் கைக்கு மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் ‘சிவப்பு விளக்கு கேமராக்கள் இனி அதிவேகக் கேமராக்களாகவும் செயல்படும்’ என்று இருந்தது. அதிவேகக் கேமரா என்பது கிரிக்கெட்டில் பந்து மட்டையின் விளிம்பில் பட்டதா என்று மெதுவாக ஓட்டிக் காட்ட உதவுவது.