புதுக் கட்டடத்தில் மறுசுழற்சித் தொட்டிகளுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்? இங்கிலாந்தின் எச்6 விதி

இங்கிலாந்தில் புது வீடு கட்டினாலும், பழைய வீட்டைப் பிரித்து இரண்டு மூன்று பிளாட்டுகளாக மாற்றினாலும், குப்பைக்கும் மறுசுழற்சிப் பொருள்களுக்கும் இடம் காட்டியாக வேண்டும். கட்டட விதிகளின் எச் பகுதியில் 6ஆவது பிரிவு இதைக் கேட்கிறது. சுருக்கமாக எச்6 என்பார்கள். வீட்டைப் பிளாட்டுகளாகப் பிரிப்பது பயன்பாட்டு மாற்றம் என்பதால் அதற்கும் எச்6 பொருந்தும். இது பலருக்குத் தெரிவதில்லை. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் ஆவணங்கள் வேறு. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.

விதி கேட்பது இரண்டுதான். திடக்கழிவை வைக்கப் போதுமான இடம் வேண்டும். குடியிருப்பவர் அந்த இடத்துக்குப் போகவும், அங்கிருந்து தொட்டியைக் கவுன்சில் (உள்ளாட்சி) சொல்லும் எடுப்பிடத்துக்கோ, அதாவது லாரி வந்து எடுக்கும் இடத்துக்கோ, தெருவுக்கோ கொண்டுபோகவும் சரியான வழி வேண்டும். அளவுகள் விதியில் இல்லை, அதற்கான வழிகாட்டி ஆவணத்தில் இருக்கின்றன. வேறு வழியில் விதியை நிறைவேற்றலாம், ஆனால் அது போதுமானது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது.

ஆவணம் சொல்லும் அடிப்படைக் கணக்கு, ஒரு வீட்டுக்கு 0.25 கன மீட்டர், அதாவது 250 லிட்டர். குப்பையும் மறுசுழற்சியும் தனித்தனித் தொட்டிகளில், இரண்டும் சேர்ந்து இந்த அளவு. பெரும்பாலான வரைபடங்கள் சறுக்குவது இங்கேதான். 250 லிட்டர் என்பது வாரம் ஒருமுறை லாரி வரும் என்ற கணக்கில் சொன்னது. இடைவெளி கூடினால் கொள்ளளவையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும் என்று அதே பத்தியில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் கவுன்சிலில் அது 500 லிட்டர். கவுன்சில் வேறு அளவு கேட்டால் அதுவே கணக்கு. அதனால் கோடு கிழிக்கும் முன்பே கவுன்சிலின் கழிவுப் பிரிவிடம், எந்தத் தொட்டி, எத்தனை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த அளவு லாரி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தனி வீடுகளுக்கு 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் இடம் போதும் என்கிறது ஆவணம். அது இரண்டு தொட்டிக் காலத்து அளவு. 240 லிட்டர் சக்கரத்தொட்டி ஏறக்குறைய 58 சென்டிமீட்டர் அகலம், 74 சென்டிமீட்டர் ஆழம். இரண்டை ஒட்டி நிறுத்தினாலே 1.2 மீட்டர் நிரம்பிவிடும். இப்போது இங்கிலாந்தின் புதிய மறுசுழற்சி ஏற்பாட்டில், 2026 மார்ச் 31 முதல் வீடுகளுக்கு வழக்கமான பிரிவு நான்கு: எஞ்சிய குப்பை, உணவுக்கழிவு, தாளும் அட்டையும், பிளாஸ்டிக்-உலோகம்-கண்ணாடி. சில கவுன்சில்களுக்குத் தொடங்கும் நாள் தள்ளிப்போகும். தாளையும் மற்ற உலர்பொருளையும் சேர்த்தே எடுக்கும் கவுன்சில்களும் உண்டு. ஆனாலும் மூன்று சக்கரத்தொட்டியும் 23 லிட்டர் உணவுக் கூடையும் என்று வைத்து வரைவதே பாதுகாப்பு. அடைப்புக்குள் வைப்பதென்றால் தொட்டிகளைச் சுற்றியும் நடுவிலும் 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அப்போது அகலம் சுமார் 2.4 மீட்டர், ஆழம் 1.05 மீட்டர் ஆகும். மூடியைத் திறக்க உயரமும் விடுங்கள். மூடி இடிக்கும் அழகான மரக்கூண்டுகள் ஏராளம்.

அடுக்குமாடிக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டு படுக்கையறை பிளாட்டுகள் 24. எச்6 கணக்கில் 24 × 250 = 6000 லிட்டர். கட்டடங்களில் கழிவைக் கையாள்வதற்கான பிரிட்டிஷ் தரநிலை 5906 வேறு சூத்திரம் தருகிறது: படுக்கையறைக்கு 70 லிட்டர், வீட்டுக்குக் கூடுதலாக 30. அதன்படி ஒரு பிளாட்டுக்கு 170, மொத்தம் 4080. கவுன்சில் எதை ஏற்கிறது என்று கேளுங்கள். தெரியாவிட்டால் பெரியதை எடுங்கள். 6000 லிட்டருக்கு 1100 லிட்டர் நான்குசக்கரத் தொட்டி ஆறு வேண்டும். குப்பைக்கு இரண்டு, தாளுக்கு இரண்டு, மற்ற உலர்பொருளுக்கு இரண்டு. உணவுக்கழிவுக்கு 140 லிட்டர்த் தொட்டி இரண்டு தனியாக. உணவுக்கழிவு கனம், பெரிய தொட்டியில் நிரப்பினால் நகர்த்த முடியாது.

1100 லிட்டர்த் தொட்டியின் அகலம் 1.37 மீட்டர், ஆழம் சுமார் 1.1 மீட்டர். மூன்றை வரிசையாக நிறுத்தினால், இடைவெளிகளோடு 4.7 மீட்டர். இரண்டு வரிசை எதிரெதிரே, நடுவில் 1.5 மீட்டர் நடைவழி என்றால் 4.7 × 4 மீட்டர், ஏறக்குறைய 19 சதுர மீட்டர். ஆனால் அறை கட்டுவதானால் குப்பைக்கு ஓர் அறை, மறுசுழற்சிக்கு ஓர் அறை என்று ஆவணம் சொல்கிறது. நடுவில் சுவர் வந்ததும் ஒரே நடைவழியை இரு வரிசையும் பங்கிட முடியாது. இடம் 25 சதுர மீட்டரைத் தாண்டிவிடும். எடுப்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் தொட்டிகள் ஆறு அல்ல, பதினொன்று. கட்டடக்கலைஞர் முதல் வரைபடத்தில் ஒதுக்கிய மூலை இதற்கு ஒருபோதும் போதாது. கடைசியில் ஒரு கார் நிறுத்துமிடம் பலியாகும். அதை முதலிலேயே பலி கொடுப்பது மலிவு.

லிட்டர் கணக்கு சரியாக வந்தும் திட்டம் விழுவது பாதையில். வீட்டுக்காரர் குப்பையை 30 மீட்டருக்கு மேல் சுமக்கக் கூடாது; மாடி ஏறி இறங்கும் உயரம் இதில் சேராது. தொட்டி இருக்கும் இடம் எடுப்பிடத்திலிருந்து 25 மீட்டருக்குள் இருக்க வேண்டும். தரநிலை 5906 இன்னும் கண்டிப்பானது: இருசக்கரத் தொட்டிக்கு 15 மீட்டர், நான்குசக்கரத்துக்கு 10. பல கவுன்சில்கள் பின்னதையே கேட்கும். பாதைச் சரிவு 12க்கு 1ஐத் தாண்டக் கூடாது. 250 லிட்டர் வரையான தொட்டிக்குப் படி மூன்றுக்கு மேல் கூடாது, பெரிய தொட்டிக்குப் படியே கூடாது. நடைபாதை விளிம்புக் கல்லும் ஒரு படிதான். அதைத் தாழ்த்தாவிட்டால் நிறைந்த 1100 லிட்டர்த் தொட்டி அங்கேயே நின்றுவிடும். புதுக் கட்டடத்தில் தொட்டியை வீட்டுக்குள் புகுத்தி இழுத்துவரும் நிலையும் கூடாது. முகப்புத் திண்ணை, கராஜ், கார் நிறுத்தும் கூரை வழியாக வரலாம். வரிசை வீடுகளின் நடுவீட்டுக்குப் பின்பக்கச் சந்து விடாமல் தோட்டத்தில் தொட்டியைக் காட்டுவது இதனால்தான் நிராகரிக்கப்படுகிறது. லாரி 12 மீட்டருக்கு மேல் பின்னோக்கி வரும்படி சாலை அமைக்க வேண்டாம் என்பதும் பரிந்துரை.

பொது அறையின் உயரம் குறைந்தது 2 மீட்டர். மேலும் கீழும் நிரந்தரக் காற்றோட்டம், நீர் ஊறாத தளம், கழுவக் குழாய், கழிவுநீர்க் குழாயோடு சேரும் வடிகால், எலி புகாத கதவு. தீ விதிகள் தனியாக உண்டு: அறை தீத்தடுப்புச் சுவரால் பிரிக்கப்பட்டு, வாசல் வெளிப்புறமாகவோ, 0.2 சதுர மீட்டர் காற்றோட்டமுள்ள பாதுகாக்கப்பட்ட முன்னறை வழியாகவோ இருக்க வேண்டும். வெளியேறும் வழியின் அருகில் வாசல் வைக்கக் கூடாது. தொட்டியில் வந்து விழும் லித்தியம் பேட்டரிகளை நினைத்தால் இதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

நான்காம் தளத்துக்கு மேலே உள்ள பிளாட்டுகளுக்கு, முடிந்தவரை, குப்பைக்குழாய் (மாடியிலிருந்து குப்பையைக் கீழே விடும் செங்குத்துக் குழாய்) வழியே நிரம்பும் பொதுத்தொட்டி வேண்டும் என்கிறது ஆவணம். குழாயின் விட்டம் 45 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். குழாய் ஒன்றே ஒன்று என்றால் மறுசுழற்சி கெடுவது உறுதி. ஒரு கதவைத் திறந்தால் குப்பை போகும், மறுசுழற்சிக்கு மட்டும் பத்து மாடி இறங்க வேண்டும் என்றால் யாரும் இறங்கமாட்டார்கள். இரண்டுக்கும் நடக்கும் தூரம் ஒன்றாக இருக்கட்டும். மறுசுழற்சித் தொட்டிக்கு முழு மூடி வேண்டாம். பூட்டிய மூடியில் துளையோ நீள்பிளவோ வைத்தால் கறுப்புப் பை உள்ளே விழாது. கலப்படமான தொட்டியை லாரி எடுக்காமல் போனால், அடுத்த எடுப்பு வரை அறை வழியும்.

சமையலறையையும் மறக்க வேண்டாம். 2015இல் விலக்கப்பட்ட 'கோட் ஃபார் சஸ்டைனபிள் ஹோம்ஸ்' என்ற வீட்டுத் தர ஏட்டில் நல்ல அளவு ஒன்று இருந்தது: உள்ளே மூன்று தொட்டி, மொத்தம் 30 லிட்டர், எதுவும் 7 லிட்டருக்குக் குறையாமல். ஒரு அலமாரி அளவுதான்.

திட்ட அனுமதி வேறு வாசல். 2014 அக்டோபரின் தேசியக் கழிவுத் திட்டக் கொள்கை, புதுக் கட்டடங்களில் தொட்டிகளுக்குப் போதிய இடம் இருப்பதைப் பார்க்கச் சொல்கிறது. லண்டனில் 2021 லண்டன் திட்டத்தின் டி6 கொள்கை உலர் மறுசுழற்சி, உணவு, எஞ்சிய குப்பை மூன்றுக்கும் தனி இடம் கேட்கிறது. விண்ணப்பத்தில் தொட்டிகளை அளவோடு வரைந்து, இழுக்கும் பாதை, தரைமட்டங்கள், லாரி திரும்பும் தடம் மூன்றையும் காட்டுங்கள். இல்லாவிட்டால் குடியேறும் முன் விவரம் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி வரும்; அப்போது சுவர்கள் எழும்பியிருக்கும். அலுவலகத்தை வீடாக மாற்றும் எம்ஏ வகை அனுமதிக்கு முழு விண்ணப்பம் தேவையில்லை, ஆனால் எச்6 விலகாது.

கீழே கடை, மேலே பிளாட் என்றால் இரண்டின் கழிவையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். வீட்டுத் தொட்டிகளில் கடைக்கழிவு சேரக் கூடாது. கடைக்குத் தனி ஒப்பந்தம், தனிப் பூட்டு. முழுநேரக் கணக்கில் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத் தரம்பிரிக்கும் கடமை 2025 மார்ச் 31இல் தொடங்கிவிட்டது. அதைவிடச் சிறிய நிறுவனங்களுக்கு 2027 மார்ச் 31 வரை அவகாசம். அதனால் இன்று ஒரு தொட்டியோடு ஓடும் கடைக்கும் மூன்று தொட்டிக்கான இடத்தை இப்போதே விடுங்கள்.