நகையை வைத்தால் கையில் எவ்வளவு கிடைக்கும்? ரிசர்வ் வங்கியின் புது விதி

பவுன் விலை ஏறினால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் நகைக்கடன் வாங்குவோர் கூடுவார்கள். அதே வளையலுக்குக் கூடுதல் பணம் கிடைக்குமே! எவ்வளவு கூடுதல் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. 2025 ஜூனில் வந்த புது விதியை 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் நகைக்கடன் கம்பெனிகளும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

வீட்டுச் செலவுக்கான கடன் 2.5 லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. கல், அரக்கு கணக்கில் சேராது. விவசாயம், தொழிலுக்கான கடனுக்கு இந்த அடுக்கு இல்லை.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனில், அந்த மொத்தத் தொகைதான் மேலே சொன்ன வரம்புக்குள் அடங்க வேண்டும். நகை மதிப்பு 2 லட்சம், வட்டி 10 சதவீதம், ஒரு வருடம் என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 1.70 லட்சம், ஆனால் கையில் வருவது ஏறத்தாழ 1.54 லட்சம்தான். மாதாமாதம் வட்டி கட்டினால் 1.70 லட்சம் வரை கேட்கலாம்.

ஏன் இந்தக் கெடுபிடி? 2012 மார்ச்சில் நகைக்கடன் கம்பெனிகளுக்கு 60 சதவீதம் என்று கடிவாளம் போட்டார்கள். கம்பெனிகள் முணுமுணுத்தன. 2013 ஏப்ரலில் தங்கம் மளமளவென்று சரிந்தது. மதிப்பை ஒட்டிக் கடன் கொடுத்திருந்தால், நகையைத் திருப்புவதைவிட ஏலத்துக்கு விடுவதே லாபம் என்று ஆகியிருக்கும். கடன் கொடுத்தவருக்கு நஷ்டம், ஏல நகை குவிந்து விலை இன்னும் இறங்கும். 2014 ஜனவரியில் வரம்பு 75 ஆகத் தளர்ந்தது. இறுக்கினால் இன்னொரு விளைவும் உண்டு: பணம் போதாதவர் ரிசர்வ் வங்கி விதிக்குள் வராத வட்டிக்கடைக்குப் போய்விடுவார். சின்னக் கடனுக்கு 85 கொடுத்தது எனக்குச் சரியாகவே படுகிறது.

மறுஅடகு வைக்க, அதாவது அதே நகையின் மேல் கடனைப் புதுப்பிக்க, முதலில் அதுவரையான வட்டியைக் கட்ட வேண்டும். கடன் தீர்ந்தபின் 7 வேலை நாளுக்குள் நகை வராவிட்டால், தாமதம் கடன் கொடுத்தவருடையது என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு. அப்புறம், கடன் நிபந்தனைகளை வட்டார மொழியிலோ நீங்கள் விரும்பும் மொழியிலோ தர வேண்டும். மலையாளத் தாளை நீட்டினால், கையெழுத்துக்கு முன் தமிழில் கேளுங்கள்.