குயர் – பால்புதுமையர்

16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'குயர்' என்றால் விசித்திரமானது என்றுதான் பொருள். நம் பேச்சில் 'அவன் ஒரு மாதிரி' என்கிறோமே, அதேதான். குறுக்கே என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லோடு இதற்கு உறவு இருக்கலாம் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது ஆணை விரும்பும் ஆணைத் திட்டும் சொல்லானது. 1990இல் நியூயார்க்கில் தொடங்கிய ஓர் இயக்கம் 'குயர் நேஷன்' என்று அந்த வசவையே தன் பெயராக வைத்துக்கொண்டது. இன்று தற்பால் ஈர்ப்பினர், இருபால் ஈர்ப்பினர், திருநர் எனப் பலரையும் சேர்த்துச் சொல்ல இச்சொல் பயன்படுகிறது.

வசவாவதற்கு முன் ஒரு சொல் எப்படி ஒலிக்கும் என்று பார்க்க, ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' (1994) என்ற ஆங்கில நாவலைப் படிக்கலாம். கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஆர்ஜி, தாத்தா பாட்டி வீட்டில் பெண்பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டு விளையாடுகிறான். சேலை சுற்றி மணப்பெண்ணாவது அவன்தான். பெரியவர்கள் கண்ணில் பட்டதும் 'ஃபன்னி' என்ற சொல் வந்து விழுகிறது. சிரிப்பாக இருக்கிறது என்கிறார்களா, வேறெதுவுமா? பையனுக்குப் புரியவில்லை, குரலில் இருந்த வெறுப்பு மட்டும் புரிகிறது. பிறகு பள்ளியில் ஷெஹான் என்ற சிங்கள மாணவன் மேல் காதல். அப்புறம் 1983 ஜூலைக் கலவரம். வீடு எரிகிறது, குடும்பம் கனடாவுக்குக் கிளம்புகிறது. ஊருக்குள் தமிழன், வீட்டுக்குள் 'ஒரு மாதிரி': இரண்டு இடத்திலும் அவனை ஒதுக்க ஒரு சொல் போதுமாக இருக்கிறது.

'குயர்' என்பதைத் தமிழில் என்ன சொல்வது? சென்னை உயர் நீதிமன்ற வழக்கொன்றைத் தொடர்ந்து 2022இல் தமிழ்நாடு அரசு இவர்களைக் குறிப்பிடும் சொற்களுக்கு ஒரு சொற்களஞ்சியத்தை அரசிதழில் வெளியிட்டது. இன்று பரவலாக வழங்கும் சொல் பால்புதுமையர். 'புதுமை' எனக்குக் கொஞ்சம் உறுத்தும். சிலப்பதிகாரத்தின் பதினோர் ஆடல்களில், பெண் கோலத்தில் காமன் ஆடிய பேடும் ஒன்று. இதில் புதிதாக என்ன இருக்கிறது? ஆனால் 'பேடி' பின்னாளில் கோழையைத் திட்டும் சொல்லாகிவிட்டது, அதை மீட்பது கடினம். எனவே பால்புதுமையர் இருக்கட்டும். 'ஃபன்னி பாய்' போன்ற படைப்பைப் பால்புதுமையர் நாவல் எனலாம். அந்த நாவலைத் தமிழாக்குபவர் மட்டும் பெரியவர்கள் வாயில் இச்சொல்லை வைத்துவிடக் கூடாது. அங்கே 'ஒரு மாதிரி'தான் சரி.