முகம் எது, முதுகு எது: சிறுநீரகக் கலம் திசையறியும் விதம்

திருகோணமலை மாவட்டத்தின் பதவி சிறிபுர போன்ற விவசாயப் பகுதிகளைப் பீடித்திருக்கும் சிறுநீரக நோய்க்கு இன்னும் உறுதியான காரணம் தெரியவில்லை. ஆனால் அது முக்கியமாகக் கெடுப்பது சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையும்தான். அக்குழாய்களின் சுவராக நிற்கும் மேலணிக் கலங்களை உயர்தர உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு வரிசைக் கட்டங்களாக வரைந்துவிட்டுப் போகிறார்கள். அதற்குமேல் அறிய வேண்டியது எவ்வளவோ இருக்கிறது.

இந்தக் கலத்துக்கு முகமும் முதுகும் உண்டு. சிறுநீர் ஓடும் முகப்பக்கத்தில் குளுக்கோசை மீட்கும் புரதங்கள். முதுகிலும் பக்கங்களிலும் சோடியத்தை இரத்தத்தின் பக்கம் தள்ளும் பம்பிகள். இரத்த ஓட்டம் தடைப்பட்ட சிறுநீரகத்தில் இந்தப் பம்பிகள் சில முகப்பக்கத்துக்கு இடம் மாறிவிடுகின்றன. மீட்க வேண்டிய சோடியம் சிறுநீரோடு போகிறது.

முகம் எந்தப் பக்கம் என்பதைக் கலம் எப்படி அறிகிறது? தட்டையான தட்டில் வளர்த்தால் கீழே பிளாஸ்டிக், மேலே திரவம் என்று திசையை நாமே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். எனவே ஆய்வாளர்கள் கொலாஜன் என்ற புரதத்தாலான கூழுக்குள் புதைத்துப் பார்த்தார்கள். 1958இல் மடின், டார்பி ஆகிய இருவர் ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து பெற்ற கலங்களின் வழிவந்தவையே இதற்கு இன்றும் அதிகம் பயன்படுகின்றன. கூழுக்குள் ஒரு கலத்துக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான். ஆனாலும் சில நாட்களில் அது பெருகி, நடுவே நீர் நிறைந்த கோளமாகிவிடுகிறது. முகங்கள் அனைத்தும் உள்நோக்கியே இருக்கும்!

கலம் முதன்முறை இரண்டாகப் பிரியும் வேளையில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. முகத்துக்குரிய பொடோகாலிக்சின் என்ற புரதம் அப்போது கூழைத் தொடும் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. கூழைப் பற்றிக்கொள்ளும் இன்டெக்ரின் புரதங்கள் அதுவே முதுகு என்று உணர்த்துகின்றன. உடனே பொடோகாலிக்சின் நுண்பைகளில் உள்ளிழுக்கப்பட்டு, இரு கலங்களும் ஒட்டியிருக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. பிரிவின் முடிவில் இரண்டுக்கும் இடையே மிஞ்சும் மெல்லிய இணைப்பே அதற்கு வழிகாட்டி. மறைமின்னேற்றம் மிகுந்த பொடோகாலிக்சின் அங்கே குவியவும், எதிரெதிர் மென்சவ்வுகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. சிறு இடைவெளி திறக்கிறது. அயன்களும் நீரும் புகுந்து அதை விரிக்கின்றன. ஓரத்தை இறுக்கமான சந்திகள் அடைக்கின்றன.

கூழில்லாமல் திரவத்தில் மிதக்கவிட்டாலும் கோளம் உருவாகிறது, ஆனால் முகம் வெளியே. அதைக் கொலாஜனுக்குள் வைத்தால் முகம் உள்ளே திரும்பிவிடுகிறது. இன்டெக்ரினைப் பிறபொருளெதிரியால் மறித்துவிட்டாலோ, கூழுக்குள் இருந்தும் கலம் தன் முகத்தை வெளிப்பக்கமே வைத்துக்கொள்கிறது.